தலைக்கனம் ஆகாது

விஜயநகர், மைசூர்
7-7-1996, இரவு

அன்புள்ள சாமி,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகலில் எழுத உட்கார்ந்தால் மேகனா பேனாவைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள். இப்போதுதான் தூங்கினாள். இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். மூச்சு வருகிறது. வராமல் எங்கே போகும் என்று சாரங்க் சிரிப்பார். அவருக்கு இன்று நைட் ஷிப்ட்.

என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். ஹாஸ்டலில் நீ உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான். உனக்கு எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் அதை எடுப்பதில்லை. சாரங்குக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அது எனக்கு ஒரு விதத்தில் சௌகரியம்.

விஷயம் இதுதான். நான் மறுபடி பூப்பந்து ஆடுகிறேன். யுகாதிக்கு அப்புறம் ஆரம்பித்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பார்க்குக்குப் போனேன். பார்க்குக்குப் பின்னால் லேடீஸ் டீம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் உல்லன் பந்து மரமட்டையில் படும் சத்தம் இருக்கிறதே, அது கேட்டதும் கால் நின்றுவிட்டது. ஒரு ஆள் குறைகிறது, வர்றீங்களா என்று கேட்டார்கள். முதல் வாரம் ஒரு பந்தும் வலையைத் தாண்டவில்லை. இப்போது ஐந்து பேரில் என்னைத்தான் நடுவில் நிறுத்துகிறார்கள். நம்பமாட்டாய். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆகஸ்ட் 18ஆம் தேதி மைசூர் ஜில்லா டீமுக்குத் தேர்வு. ஜில்லா டீமில் ஆடி ஸ்டேட் போட்டிக்குப் போனால் சர்டிபிகேட் வரும். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆபீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். என் பி.காம். டிகிரியைப் பார்த்து இதுவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஆகவே இந்த ஒரு தடவைதான் சாமி. இதைச் சாரங்கிடம் சொன்னேன். "முயற்சி பண்ணு" என்றார். முயற்சி பண்ணு என்பதற்கும் பண்ணாதே என்பதற்கும் நடுவில் ஒரு குரல் உண்டே, அந்தக் குரலில்.

காலையில் நான் ஆடப்போகும்போது குழந்தையை மாமனார் பார்த்துக்கொள்கிறார். செலுவநாராயணன் அவர்களை உனக்கு ஞாபகம் இருக்கும். என் கல்யாணத்தில் புளியோதரைக்குப் பெருங்காயம் போதவில்லை என்று சமையல்காரரோடு சண்டை போட்டவர். மாமியார் போன பிறகு வீட்டில் இருக்கிற பெரியவர் அவர் ஒருவர்தான். மடியில் மேகனா, கையில் பேப்பர், வாயில் முணுமுணுப்பு. "பொம்மனாட்டி குதிக்கிறதுக்கு ஜில்லா தேர்வு வேறயா" என்பார். ஆனாலும் எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். அதுவரைக்கும் போதும் என்று நான் வாயைத் திறப்பதில்லை.

இப்போது என் கஷ்டம். காலேஜ் மட்டை போய்விட்டது. பரணில், சட்டம் வளையாமல் இறுக்கிவைக்கிற பிரஸ் போடாமல் வைத்திருக்கிறார்கள். இரண்டு மழைக்காலத்தில் சட்டம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. இத்தனை நாள் யாராவது ஒருத்தியின் மட்டையை வாங்கி ஆடினேன். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று பிடித்த பிடியில் நிற்கிறது. ஒன்று என்னை இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் டீமில் சோனியா என்று ஒருத்தி. அவள் மட்டை சுத்தியல் மாதிரி. ஓங்கி அடித்தால் எதிரில் இருப்பவர்கள் கையையே தூக்குவதில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் அதை வாங்கி ஆடிப் பார்த்த அன்று ராத்திரி குழந்தையைத் தூக்கத் தோள் வரவில்லை.

கடைக்காரர் மூன்று மட்டையை எடுத்து வைத்திருக்கிறார். எதை எடுப்பது? இன்றைக்கு நான் ஆடுகிற ஆட்டத்துக்கு ஏற்ற மட்டையா, நாளைக்கு ஆடப்போகிற ஆட்டத்துக்கு ஏற்றதா? நரம்பு இறுக்கமாகக் கட்டச் சொல்லவா, கொஞ்சம் தளர்த்தியா? இதையெல்லாம் கேட்க எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள். நீ இப்போது பி.டி. டீச்சர் வேறு.

போன வருஷம் என் சீமந்தத்துக்கு நீ வரவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தயவுசெய்து உடனே எழுது.

உன்
பங்கஜவல்லி

*

கொள்ளேகால்
11-7-96

(தபால் கார்டு)

அன்பு பங்கஜா,

கடிதம் கிடைத்தது. தேர்வுக்குப் போவதில் ரொம்ப சந்தோசம். ஸ்கூலில் பரீட்சை, கார்டுதான் கைக்கு அகப்பட்டது. அதனால் ஒரே பேச்சாகச் சொல்கிறேன். தலைக்கனம் உனக்கு ஆகாது. மற்றவளைப் பார்த்து ஆசைப்படாதே. பிள்ளை பெற்ற உடம்பு, எதுவும் முன்னைப் போல இருக்காது. கைக்கு அடங்கினதாய் இருந்தால் போதும். பழையதை விட்டுவிடு. இறுக்கமும் வேண்டாம், கொஞ்சம் தளர்ந்து கொடுத்தால்தான் உனக்கு நல்லது. குழந்தைக்கு முத்தம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

சாமியாத்தாள்

*

விஜயநகர், மைசூர்
16-7-1996

சாமியாத்தாள் அவர்களுக்கு,

உங்கள் கார்டு கிடைத்தது. எனக்குக் கிடைப்பதற்கு முன்னால் மற்ற எல்லோருக்கும் கிடைத்தது.

தபால்காரர் வந்தபோது நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் வாங்கினார். மேல்கோட்டையிலிருந்து அவர் சிநேகிதர் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். சாரங்குக்குத் தமிழ் படிக்க வராது என்று எழுதினேனே, மாமனாருக்கு வரும். பிரபந்தம் சேவிப்பதற்காகக் கற்றது. எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, கோயிலில் படிக்கிற மாதிரி உரக்கப் படிப்பார். குளியலறையில் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

ஒரு வார்த்தையில் வந்து நின்றார். எந்த வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். நான் அதைத் திருப்பி எழுதமாட்டேன்.

"கேட்டேளா ஓய்," என்றார் சிநேகிதரிடம். "இத்தனை நாளா எனக்கு இந்த வார்த்தை அகப்படலை. கொள்ளேகால் பொண்ணு ஒரே வரியிலே எழுதிட்டா."

நான் ஈரக்கையோடு வந்து கார்டைக் கேட்டேன். "இரும்மா, இன்னும் இருக்கு. மத்தவளைப் பார்த்து ஆசைப்படாதே. சரிதானே? பிள்ளை பெத்த உடம்பு. அதுவும் சரி. அடங்கி இருந்தாப் போறும்."

அடங்கினதாய் என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர் வாயில் அடங்கி இருந்தால் என்று ஆகிவிட்டது. பெரிய வித்தியாசம் இல்லை.

"மாமா, அது எனக்கு வந்தது" என்றேன்.

"கார்டு எழுதறவா ஊரே படிக்கட்டும்னுதானே எழுதறா. மறைக்கணும்னா கவர்ல போட்டிருப்பா."

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

மறுநாள் காலையில் மட்டையோடு கிளம்பினேன், இரவல் மட்டைதான். மாமனார் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழந்தையை நீட்டினேன். "உன் சிநேகிதியே சொன்னப்புறமும் நான் ஆயா வேலை பார்க்கணுமா? அதுக்கா பென்ஷன் வாங்கறேன்?" என்றார். அன்றோடு சரி. இப்போது நான் மேகனாவையும் தூக்கிக்கொண்டுதான் கிரௌண்டுக்குப் போகிறேன். வீட்டு வேலைக்கு வரும் கெம்பம்மா கூட வருகிறாள். மரத்தடியில் ஜமக்காளம் விரித்துக் குழந்தையை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நான் ஒரு கண் பந்தில், ஒரு கண் ஜமக்காளத்தில் வைத்து ஆடுகிறேன். இது உங்கள் கார்டின் பலன்.

என்னைப் பற்றி இத்தனை வருஷமாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தீர்களா? ஹாஸ்டலில் ஒரே கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றபோதும் இதுதான் மனதில் இருந்ததா? நான் கேட்டது ஒரு உதவி. நீங்கள் சொன்னது ஒரு தீர்ப்பு. சீமந்தத்துக்கு ஏன் வரவில்லை என்பதும் இப்போது புரிகிறது.

மட்டை வாங்கிவிட்டேன். உங்கள் யோசனை இல்லாமல். மூன்றிலும் முன்பாரம் அதிகமானது எதுவோ அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். சோனியாவின் மட்டையைவிட அதிகம். கடைக்காரர்கூட, "முந்தெ பார ஜாஸ்தி இதெ, நோடி அம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். பார்த்தாயிற்று, கட்டுங்கள் என்றேன். நரம்பையும் இறுக்கமாக. அடி இறங்கும்போது மட்டை தானாகவே ஓடுகிறது. முதல் நாளே சோனியா, "யாரு மேலே கோபம்?" என்று கேட்டாள்.

வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு
பங்கஜவல்லி சாரங்க்

*

கொள்ளேகால்
20-7-96

பங்கஜா,

இந்தத் தடவை கவரில் போடுகிறேன். ஒட்டியிருக்கிறேன், ஒட்டினதற்கு மேலே ஸ்கூல் முத்திரையும் குத்தியிருக்கிறேன். உன் வீட்டில் யாரும் படிக்கவேண்டாம்.

நீங்கள் நாங்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உன்னை அப்படி எழுத வராது புள்ளே. கோபம் வந்தால்கூட நீதான்.

நாலு தடவை படித்தேன், எந்த வார்த்தை என்று. கடைசியில் சீமந்தத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கே வந்ததும் புரிந்துவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு என்று எழுதினேன். பெறாதவள் அதை எழுதலாமா என்கிறாய். அதுதானே? பொறாமையில் எழுதினேன் என்று நினைத்துவிட்டாய். கண்ணு வைத்தேன் என்று சொல்லாமல் விட்டாயே, அதுவரைக்கும் நல்லது.

சீமந்தத்துக்கு நான் கிளம்பினேன். வளையல் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அங்கே எங்க ஊர் கௌரம்மா நின்றிருந்தாள். எங்கே போகிறாய் என்றாள். சொன்னேன். "உனக்கெதுக்கு சாமியாத்தா, அங்கே போய் நாலு பேர் மூஞ்சியைப் பார்க்கணுமா?" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். பஸ் வந்தது, போய்விட்டது. வளையல் இன்னும் பீரோவில் இருக்கிறது. எங்க வீட்டுக்காரர் பழனிமுத்து, மாதேஸ்வரன் மலையில் கடையிலேயே கிடக்கிறார், வாரத்துக்கு ஒருக்கா வருகிறார், அவரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதினாய். கேட்கவில்லை.

உன் தோளுக்காகத்தான் அந்த வரியை எழுதினேன். குழந்தையைத் தூக்கத் தோள் வரவில்லை என்று நீதான் எழுதியிருந்தாய். அதனால்தான் பரீட்சை ஹாலில் நின்றுகொண்டே எழுதினேன்.

அது போகட்டும். நீ முன்பாரமாக வாங்கியிருக்கிறாய் என்று படித்ததும் எனக்குக் கோபம் எல்லாம் போய் பயம்தான் வந்தது. தலைக்கனம் உனக்கு ஆகாது என்று முதல் வரியிலேயே எழுதினேனே, படிக்கவில்லையா? மட்டைக்குத் தலை கனமாக இருந்தால் அடி பலமாக விழும், நிஜம். ஆனால் அந்தக் கனத்தை நிறுத்துவது யார்? உன் மணிக்கட்டு. சோனியாவுக்கு நிற்கும், அவள் விடாமல் ஆடுகிறவள். நீ இடையில் விட்டு வந்தவள். முதல் கேமில் ஒன்றும் தெரியாது. கடைசி கேமில், புள்ளி இருபதைத் தாண்டும்போது, கை வியர்த்திருக்கும்போதுதான் தெரியும். மட்டை உன் பேச்சைக் கேட்காது. அந்த நேரத்தில் ஓங்கி அடித்தால் பிடி நழுவும். எங்கள் ஸ்கூலில் ஒரு பெண்ணுக்கு நழுவி, முன்னால் நின்றவளின் முதுகில் பட்டது. முதுகு, பிழைத்தாள்.

நீ கேட்டாயே, இன்றைய ஆட்டத்துக்கா நாளைய ஆட்டத்துக்கா என்று. களைத்துப்போன பிறகு உன்னால் எந்த ஆட்டம் ஆட முடிகிறதோ, அந்த ஆட்டத்துக்கு வாங்கு. கடையில் நின்று வீசிப் பார்ப்பது ஒன்றுமே இல்லை. மட்டையின் கழுத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரலில் நிறுத்திப் பார். தராசு மாதிரி நின்றால் அது உனக்கு. தலைப்பக்கம் சாய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. பிடியைச் சுற்றி விரலை மடக்கினால் உள்ளங்கைக்கும் விரல் நுனிக்கும் நடுவே சின்ன இடம் இருக்கவேண்டும். நரம்பை அத்தனை இறுக்காதே. தளர்ந்து கொடுத்தால் பந்து தானே போகும், நீ தோளைக் கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் நிற்கிறவளுக்கு அடியைவிடத் திருப்பிப் போடுவதுதான் வேலை.

என் மட்டை சும்மாதான் தொங்குகிறது. உன் கைக்குச் சரியாக இருக்கும். வேண்டும் என்று ஒரு வரி எழுது, மைசூர் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கோபம் தீரவில்லை என்றால் மட்டையோடு மட்டும் பேசு, என்னோடு பேசவேண்டாம்.

ஒன்று மட்டும் கேள். அந்த மட்டையோடு ஆடுகிறவரைக்கும் குழந்தையைக் கிரௌண்டுக்குக் கூட்டிப்போகாதே.

சாமி

*

விஜயநகர், மைசூர்
30-7-1996, இரவு

சாமி,

இந்தக் கடிதமும் ராத்திரிதான். இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. மேகனா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கீழே ஓடிப்போய்த் தேடவேண்டாம். நன்றாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ப்ராக்டீஸ் மேட்ச். கடைசி கேம். இரண்டு பக்கமும் இருபத்தைந்துக்கு மேல். ஒரு பந்து உயரமாக வந்தது, எனக்காகவே வந்த மாதிரி. முதல் இரண்டு கேமிலும் அந்த மாதிரிப் பந்தை அடித்து எல்லோரும் கைதட்டியிருந்தார்கள். மட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அப்போதே தெரிந்தது. மட்டை எனக்கு முன்னால் முடிவு செய்துவிட்டது. கை வெறுமையாக இருந்தது. மட்டை எங்கே என்று தெரியவில்லை. பந்து என் தோளில் பட்டு விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கெம்பம்மாவின் குரல்.

பின்பக்கமாகப் போய் மரத்தில் பட்டுத் திரும்பி ஜமக்காளத்தில் விழுந்திருக்கிறது. கெம்பம்மா கையை நீட்டியிருக்கிறாள், இல்லையென்றால் நேராகவே. சட்டத்தின் விளிம்பு மேகனாவின் புருவத்துக்கு மேலே கீறிவிட்டது. கண்ணுக்கும் காயத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் வைக்க இடம் இல்லை. தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். நான் அதற்கப்புறம் வீட்டில் எத்தனை தடவை அடித்துப் பார்த்தேன் என்று கேட்காதே. இப்போதும் பக்கத்தில் டார்ச் இருக்கிறது. வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டுகிறாள், சிரிக்கிறாள். அவள் சிரிக்கும்போது தையல் இழுக்கிறது.

மாமனார் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, விடியும் வரை ஹாலில் நடந்தார். காலையில் அந்த மட்டையை எடுத்து அலமாரியின் தலைமேல் வைத்தார். "இனிமே இது இறங்கப்படாது" என்றார். அவ்வளவுதான். சாரங்க், "நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அப்பாகிட்ட நான் போய்ப் பேசமாட்டேன்" என்றார்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு எழுதக் கை வராத இடம்.

உன் கவர் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மாமனார் நீட்டினார். "இந்தத் தடவை கவர். பாரு, புத்திசாலிப் பொண்ணு" என்றார். உன் கையெழுத்தைப் பார்த்தேன். பிரிக்கவில்லை. துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். இன்னொரு தீர்ப்பைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை, அதற்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். தினமும் பருப்பு எடுக்கும்போது அது அங்கே இருந்தது. ஞாயிறு கழிந்து, நேற்று பருப்பு எடுக்கும்போது கீழே விழுந்தது. பிரித்தேன். கடைசி வரியை முதலில் படித்துவிட்டேன்.

நீ கார்டில் எழுதியிருந்தால், சாமி. நீ கார்டில் எழுதியிருந்தால் அவர் வாங்கின கையோடு ஹாலில் நின்று உரக்கப் படித்திருப்பார். குழந்தையைக் கிரௌண்டுக்குக் கூட்டிப்போகாதே என்று ஊருக்கே கேட்டிருக்கும். எனக்காக நீ கவரில் போட்டாய்.

கார்டைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். தலைக்கனம் உனக்கு ஆகாது. ஒவ்வொரு வரியாக, மட்டை மட்டை என்று சொல்லிக்கொண்டே படித்தேன். மற்றவளைப் பார்த்து ஆசைப்படாதே, மட்டை. கைக்கு அடங்கினது, மட்டை. பழையதை விட்டுவிடு, மட்டை. இறுக்கம் வேண்டாம், நரம்பு. அழுதுகொண்டே சிரித்தேன் என்று எழுதினால் பொய். சிரிப்பு வரவில்லை.

கிரௌண்டில் நாம் எப்போதாவது தமிழில் பேசியிருக்கிறோமா, யோசித்துப் பார். ஆட்டம் முழுக்கக் கன்னடம். நீ என்னிடம் ஆயிரம் தடவை "முந்தெ பார" என்று சொல்லியிருக்கிறாய். கடைக்காரர் சொன்னபோதும் அதே வார்த்தை, எனக்கு உடனே புரிந்தது. நானும் அதைத்தான் முன்பாரம் என்று எழுதினேன். அதையே நீ தமிழில் எழுதியபோது தலைக்கனம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த தமிழில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம். சின்ன வயதில் பரீட்சையில் முதலாவதாக வந்தால் அம்மா சொல்வாள், தலைக்கனம் வராமப் பார்த்துக்கோ என்று.

நீ எழுதினது மட்டையைப் பற்றி. நான் அது என்னைப் பற்றி என்று நினைத்தேன். நான் எழுதினதை நீ உன்னைப் பற்றி என்று நினைத்தாய். பிள்ளை பெற்ற உடம்பு என்கிற வரி எனக்கு உறுத்தவே இல்லை, சத்தியமாக. சீமந்தத்தை நான் இழுத்தது, நீ என்னைத் திமிர்பிடித்தவள் என்று ஒதுக்கிவிட்டாய் என்று நினைத்து. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருக்க வேண்டும். அந்த வளையலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

இன்று காலையில் மாமனாரிடம் போனேன். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இது மட்டையோட தலை. முன்பக்கம் பாரம்னு அர்த்தம். அவ என்னைச் சொல்லலை" என்றேன்.

"இப்ப அர்த்தம் மாத்தறியா?" என்றார்.

"இல்லை மாமா, பூப்பந்துல அப்படித்தான்..."

"எந்த அகராதியிலே இருக்கு? மேல்கோட்டைக்கு எழுதிக் கேக்கட்டுமா? எழுதினவளே சொன்னா நான் ஒத்துப்பேன். நீ சொன்னா, அது நீ சொல்றது."

பேசிக்கொண்டே மேகனாவின் நெற்றிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, மெதுவாக, "நான் வச்சுண்டிருந்தா இது நடந்திருக்காது" என்றார். சாமி, அவர் என்னைக் குறை சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கமாட்டேன் என்றவர் அவர். அர்த்தம் மாறினால் அவர் செய்ததும் மாறிவிடும். அதனால்தான் மாற விடமாட்டேன் என்கிறார் என்று தோன்றுகிறது.

தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. போகலாமா என்று எனக்கே தெரியவில்லை. நேற்று தோசைக் கரண்டியே இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. நல்ல மட்டையாக இருந்தாலும் இந்தக் கை பிடிக்குமா என்று பயம். போகாமல் இருந்தால், இந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இதற்காகவாவது ஜெயித்தேனா என்று தோன்றும். போனால், இதற்கப்புறமும் போனாளே என்று தோன்றும். எதற்கும் பயம். ஆனால் வேலைக்கு எழுதிப் போட இது ஒன்றுதான் வழி, அது மாறவில்லை. உன் மட்டையை விரலில் நிறுத்திப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. கழுத்துக்குக் கொஞ்சம் மேலே என்று எழுதினாயே. நிற்கிறதா இல்லையா என்று மட்டும். அதற்கப்புறம் முடிவு செய்கிறேன். அனுப்புகிறாயா?

அந்த முன்பார மட்டையின் கழுத்தில் விரிசல் விட்டிருக்கிறது, அலமாரி மேலிருந்து அதுவே என்னைப் பார்க்கிறது. இறக்கவேண்டாம். அது இறங்கப்படாது என்று அவர் சொன்னதில் எனக்கும் சம்மதம். ஆனால் அவர் மேலே ஏற்றினது மட்டையை மட்டும் இல்லை, அந்த வார்த்தையையும்தான்.

ஆகவே ஒன்று செய். பதிலைக் கவரில் போடாதே. கார்டில் எழுது. தலைக்கனம் என்றால் என்ன என்று, மட்டையின் எந்த இடம் என்று, நிறுத்தி நிறுத்திப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுது. அடியில் கன்னடத்திலும் ஒரு வரி எழுது, சாரங்கும் படிக்கட்டும். அவர் ஹாலில் நின்று உரக்கப் படிக்கவேண்டும். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. ஊரே படிக்கட்டும்.

சீக்கிரம் பதில் எழுது.

உன்
பங்கஜா